தங்க ஓரத்தில் சந்தனம்

வீட்டில் சும்மா இருப்பதைப் போல் ஆளை ஓட ஓட விரட்டும் வேலை வேறு கிடையாது. மலாக்காவின் ஆயர் குரோவில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே நான் வேலை பார்த்த எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை, எங்கள் பிரிவை மூடி எங்களை வீட்டுக்கு அனுப்பிய சில நாளிலேயே இது எனக்குப் புரிந்துவிட்டது. நாத்தனார் பையனை டியூஷனிலிருந்து கூட்டி வர நான். சின்ன மாமியாருக்கு ஆஸ்பத்திரித் துணைக்கு நான். யார் வீட்டு விசேஷமானாலும் முதல் ஆளாகப் போய் வெங்காயம் உரிக்க நான். "நீங்கதான் வீட்டுல சும்மா இருக்கீங்களே அண்ணி" என்று நாத்தனார் போனில் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வேலையில் இருந்தவரை இப்படி இல்லை. யாராவது என்னைத் தேடி வீட்டுக்குப் போன் செய்தால், "அவ வேலையா இருக்கா, அப்புறம் கூப்பிடு" என்று என் கணவர் சொல்லி வைத்துவிடுவார். அவர் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவர்; இரண்டு ஓட்டத்துக்கு நடுவில் வீட்டில் இருப்பார். அந்த ஒரு வாக்கியம்தான் எனக்கு வேலியாக இருந்திருக்கிறது என்பது வேலை போன பிறகே தெரிந்தது. சம்பளம் நின்றதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அந்த வாக்கியம் நின்றுபோனதை என்னால் பொறுக்க முடியவில்லை.

டவுனில் ஒரு மாலை வகுப்பில் சேர்ந்தேன். கம்ப்யூட்டரில் அடுப்படி வரைந்து, கேபினெட், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வைத்து, உள்ளே நடந்து போவதுபோல் சுற்றிக் காட்டும் வேலை. பழைய மெஷின் ஒன்றை வாங்கிக் காஜா பெராங்கில் எங்கள் வீட்டுக் கூடத்து மூலையில் வைத்துக்கொண்டேன். இந்த வயதில் இவளுக்கு இது என்ன விளையாட்டு என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். கணவர் சிரிக்கவில்லை. ஆனால் ஒன்றும் கேட்கவும் இல்லை.

நாடு சுதந்திரம் பெற்று ஐம்பது ஆண்டு நிறைந்த வருடம் அது. ஆகஸ்டில் வாசலிலும் காரிலும் கட்டிய கொடிகளைப் பலர் இன்னும் கழற்றவில்லை. நோன்புப் பெருநாளும் வந்து போய்விட்டது. அப்போதுதான் புக்கிட் காதிலில் கேபினெட் பட்டறை முதலாளியான சீனத் தவுக்கே ஒருவர் என் வரைபடங்களைப் பார்த்தார். பென்சிலும் மடக்கு அளவுகோலும்தான் அவர் கம்பெனி. வாடிக்கையாளர்களுக்குப் பென்சில் கோடு புரிவதில்லை, செய்து முடித்த பிறகு சண்டைக்கு வருகிறார்கள் என்று நொந்துபோயிருந்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு டீச்சரம்மாவையும் அவர் கணவரையும் என் வீட்டுக்கே கூட்டி வருவதாகச் சொன்னார். அவருடைய பட்டறையில் மரத்தூள். அங்கே என் மெஷின் ஒரு நாள் தாங்காது.

"உன் படத்த பார்த்து அவங்க சரின்னு சொன்னா, இனிமே எல்லா வேலையும் உனக்குத்தான். இல்லன்னா என் பென்சிலே போதும். போலே?" என்று மலாயில் கேட்டார்.

"போலே" என்றேன். முடியும் என்று சொல்லிவிட்டேன், ஆனால் என் மெஷினைப் பற்றி எனக்குத் தெரியும். படம் அசையாமல் நிற்கும்வரை எல்லாம் சரி. அடுப்படியைச் சுற்ற ஆரம்பித்தால் மெஷின் மூச்சு முட்டி அப்படியே நின்றுவிடும். திரைக்குப் படம் அனுப்பும் கிராஃபிக்ஸ் கார்டு பழையது. அதன் தெம்பு அவ்வளவுதான். எனவே சனிக்கிழமை காலையில் டவுனுக்குப் போய், இன்னொருவர் பயன்படுத்திய கார்டுதான் என்றாலும் நல்ல வலுவான ஒன்றாகப் பார்த்து வாங்கினேன். கடைக்காரர் அங்கேயே ஒரு மெஷினில் மாட்டி ஓட்டியும் காட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் மாட்டிவிடலாம் என்று ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். கணவர் தடுத்துவிட்டார். அன்று ஆயுத பூஜை.

அவருக்குத் தீபாவளிகூட அப்புறம்தான். பஸ்ஸைக் கழுவி, ஸ்பானர், ஜாக்கி, சுத்தியல் எல்லாவற்றையும் எண்ணெய் போகத் தேய்த்து, சாமி படத்துக்கு முன்னால் வாழையிலை விரித்து அடுக்குவார். பொட்டு வைப்பதிலும் அவருக்கென்று ஒரு முறை உண்டு. மற்றவர்களைப் போல் கண்ட இடத்தில் வைக்க மாட்டார். ஸ்பானருக்கு வாயில், கத்திக்கு விளிம்பில், ஜாக்கிக்குத் தலையில். "எந்த இடம் வேலை செய்யிதோ அந்த இடத்துக்குத்தான் வைக்கணும்" என்பார். போன வருடம் என் கம்ப்யூட்டருக்கு எதுவும் வைக்கவில்லை. "டிவி மாதிரிதானே அது" என்று தாண்டிப் போய்விட்டார். எனக்குச் சுருக்கென்றது.

இந்த வருடம் அவரே கையை நீட்டினார். "அந்தக் கார்ட இங்க கொண்டா. புதுச் சாமான், பூஜையில வெச்சிட்டு நாளைக்கிக் காலையில மாட்டிக்கலாம்."

பெட்டியைக் கொடுத்துவிட்டு நான் சுண்டல் தாளிக்க உள்ளே போனேன். வந்து பார்த்தபோது ஸ்பானர்களுக்கு நடுவில், இலையின் மையத்தில், பூவுக்கடியில் என் கார்டு உட்கார்ந்திருந்தது. எனக்கு மனசு நிறைந்துபோயிற்று. பூஜையில் வைத்ததை மறுநாள்வரை தொடக் கூடாது என்பது வழக்கம். நானும் தொடவில்லை.

மறுநாள் காலையில் அவரே எடுத்து, ஈரத் துண்டால் துடைத்து, இரண்டு கையாலும் கொடுத்தார். கார்டு பளபளவென்றிருந்தது. சாமியைக் கும்பிட்டுவிட்டு, பழைய கார்டைக் கழற்றி, அதே இடத்தில் இதைச் செருகிச் சுவிட்சைப் போட்டேன்.

விசிறிகள் சுழன்றன. திரை கறுப்பாகவே இருந்தது. பெட்டிக்குள்ளிருந்து நீளமாக ஒரு பீப், அதன் பின்னால் குட்டியாக இரண்டு. கிராஃபிக்ஸ் கார்டைக் காணவில்லை என்று மெஷின் அழுகிற முறை அது. வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கண்ணெதிரே மாட்டி வைத்திருக்கிறேன், காணோமாம்.

சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். கார்டுக்குத் தனியாக மின்சாரம் தரும் வயர் இறுக்கமாகத்தான் இருந்தது. கழற்றி மறுபடி மாட்டினேன். கார்டை எடுத்து, கொக்கி 'டக்' என்று பிடிக்கும்வரை அழுத்திச் செருகினேன். அதே பீப். திரையின் வயரை மாற்றினேன். திரையே கெட்டிருக்குமோ என்ற சந்தேகத்தில் எதிர் வீட்டுக்குப் போய் அவர்கள் திரையைக் கேட்டேன். எங்கள் முன்னோருக்கு வெகுகாலம் முன்பே மலாக்காவுக்கு வந்து வேரூன்றிய செட்டிக் குடும்பம். வீட்டுப் பேச்சு மலாய்தான், ஆனால் பூஜை புனஸ்காரத்தில் எங்களைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுவார்கள். அந்த அம்மா ஏன் எதற்கென்று கேட்காமல் திரையைக் கழற்றித் தூக்கிக்கொண்டு வந்தார். அதுவும் கறுப்பாகவே இருந்தது. இந்தப் பீப்பைக் கேட்டுக் கேட்டு அவருக்கே தலை வலித்திருக்க வேண்டும். திரை இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கடைக்குப் போன் செய்தேன். "நேத்து உங்க கண்ணு முன்னாடிதானே ஓடுச்சு அக்கா. திங்கக்கிழமை கொண்டாங்க, பார்க்கலாம்" என்றார் கடைக்காரர். ஞாயிற்றுக்கிழமைக்கு வேண்டியதைத் திங்கட்கிழமை பார்த்து என்ன செய்ய?

போனை வைத்த கையோடு அது மறுபடி அடித்தது. நாத்தனார்.

"அண்ணி, பையன டியூஷன்லருந்து கூட்டிட்டு வந்துருங்களேன். எனக்கு மார்க்கெட் போகணும்."

"இன்னிக்கி முடியாதும்மா. வேலை இருக்கு."

"என்னா வேலை? கம்ப்யூட்டரா?" என்று சிரித்தாள். "விளையாட்ட அப்புறம் வெச்சிக்குங்க லா. வீட்டுல சும்மாத்தானே இருக்கீங்க."

முடியாது என்று இன்னொரு முறை சொல்லிவிட்டு வைத்தேன். கோபம் ஒரு பக்கம். அவள் சொன்னது உண்மையாகிவிடுமோ என்ற பயம் அதைவிடப் பெரிது. இன்று இந்த மெஷின் ஓடாவிட்டால், காலம் முழுக்க நான் சும்மா இருப்பவள்தான்.

கணவர் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "தவுக்கேகிட்ட சொல்லி இன்னொரு நாளைக்கி வரச் சொல்லலாமே" என்றார்.

"சொல்ல மாட்டேன். ஓட வெச்சிட்டுத்தான் எழுந்திருப்பேன்."

புதுசு மக்கர் செய்தால் பழசையே மாட்டுவோம். திக்கித் திணறியாவது காட்டிவிடலாம் என்று பழைய கார்டைச் செருகினேன். நீளமாக ஒரு பீப், குட்டியாக இரண்டு.

எனக்கு உயிரே போய்விட்டது. நேற்றுக் காலைவரை ஓடிய கார்டு அது. இப்போது அதையும் காணவில்லையாம். மெஷினே போய்விட்டதா? என்னை நானே திட்டிக்கொண்டு யோசித்தேன். பழைய கார்டு கெடவில்லை. நான் அதைக் கழற்றி மேசையில் வைத்ததோடு சரி. மெஷினைக் கீழே போடவில்லை. நேற்றைக்கும் இன்றைக்கும் நடுவில் நடந்தது ஒன்றே ஒன்றுதான்: கார்டைச் செருகும் அந்தக் குழிக்குள் புதுக் கார்டு போய் வந்திருக்கிறது. போனது எதையாவது உள்ளே விட்டுவிட்டு வந்திருக்குமோ?

காலையிலிருந்தே மூக்கில் சந்தன வாசனை. சாமி படத்திலிருந்து வருகிறது என்று நினைத்திருந்தேன். இப்போது குனிந்து பெட்டிக்குள் மூக்கை நீட்டினேன். வாசனை அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

"ஏங்க, இங்க வாங்க. இந்தக் கார்டுக்குச் சந்தனம் எங்க வெச்சீங்க?"

"வேலை செய்யிற இடத்துலதான்" என்றார், இதென்ன கேள்வி என்பதுபோல. கார்டை வாங்கி, மெஷினுக்குள் செருகும் அந்தத் தங்க ஓரத்தை விரலால் தொட்டுக் காட்டினார். "இதுதானே உள்ள போயி வேலை செய்யிது? இந்தக் கோடியிலருந்து அந்தக் கோடிவரைக்கும் பட்டையா இழுத்தேன். பன்னீர் விட்டுக் கெட்டியா கொழச்சி. மத்ததுக்கெல்லாம் ஒரு பொட்டுதான். உனக்குத்தான் நெறைய வெச்சேன்."

அந்த நிமிஷம் அவர் கையை ஒடித்துப் போட்டிருப்பேன். தொழிற்சாலையில் அந்த ஓரத்துக்குப் பெயர் கோல்ட் ஃபிங்கர்; கார்டும் மெஷினும் பேசிக்கொள்வது அது வழியாகத்தான். வெறும் விரல் பட்டாலே சூப்பர்வைசர் கத்துவார். பவுடர், பூ, குங்குமம் எதுவும் உள்ளே போகக் கூடாது என்பதற்காக, எத்தனையோ வருடம் வாசல் குழாயில் நெற்றியைக் கழுவிவிட்டுத்தான் லைனுக்குள் நுழைந்திருக்கிறேன். அப்படிக் காத்த இடத்தில், என் வீட்டிலேயே, கெட்டிச் சந்தனம்.

"உங்கள யாரு வைக்கச் சொன்னா? ஈரத் துணியால தொடச்சா போற எடமா அது? இடுக்கெல்லாம் மண்டிக் கெடக்கு!" என்று கத்திவிட்டேன்.

அவர் முகம் செத்துப்போயிற்று. "ரோசாக் ஆயிருச்சா?" என்று மெதுவாகக் கேட்டார். அவருக்கு எது கெட்டாலும் ரோசாக்தான். ஆனால் தன் கையாலேயே ரோசாக் ஆகிவிட்டதா என்று அவர் கேட்டு நான் பார்த்ததில்லை.

அந்த முகத்தைப் பார்த்ததும் என் கோபம் பாதியில் நின்றுவிட்டது. இத்தனை வயர், விசிறி, பெட்டி எல்லாவற்றையும் தாண்டி, வேலை செய்யும் இடம் எது என்று இந்த மனுஷன் சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறார். போன வருடம் டிவி என்றவர், இந்த வருடம் அதை ஆயுதம் என்று நினைத்திருக்கிறார். நாசமும் அதனால்தான் வந்தது, சரி. ஆனால் எனக்கு அழுகை முட்டியது.

"அழுறதுக்கு நேரமில்ல" என்று எனக்கும் அவருக்கும் சேர்த்துச் சொன்னேன். "மருந்துக் கடையில ஸ்பிரிட் வாங்கிட்டு வாங்க. புண்ணு கழுவுற ஸ்பிரிட். ஓடுங்க."

அவர் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார். அவர் வருவதற்குள், லைனில் வேலை பார்த்த காலத்து லென்ஸைத் தேடி எடுத்தேன். கார்டைப் பார்த்தால் தங்கக் கோடுகளின் மேல் மஞ்சள் படலம். ஈரத் துண்டு அதைத் துடைக்கவில்லை, மெழுகிவிட்டிருந்தது. பென்சில் எழுத்தை அழிக்கும் ரப்பரால் ஒரே பக்கமாக, மெல்ல மெல்லத் தேய்த்தேன். ஸ்பிரிட் வந்ததும் அதைத் தொட்டுத் துடைத்தேன். தங்கம் தங்கமாகத் தெரிந்தது. மாட்டிச் சுவிட்சைப் போட்டேன்.

அதே பீப்.

"குழிக்குள்ளயும் இருக்கும்" என்றேன். டார்ச்சை அவர் பிடிக்க, நான் லென்ஸ் வழியாகப் பார்த்தேன். பல்லிடுக்கில் மாட்டிய சோறுபோல், சின்னச் சின்னக் கம்பிகளுக்கு நடுவில் சந்தனம் அப்பியிருந்தது. நான் காலையிலிருந்து கார்டை அழுத்தி அழுத்திச் செருகியதில் இன்னும் உள்ளே இறங்கியிருந்தது. அந்தக் கம்பி வளைந்தால் தீர்ந்தது. டூத் பிரஷ் உள்ளே போகவில்லை. ஊசியை எடுக்கப் பயம். சமையல் கட்டில் இறைச்சி குத்திச் சுடும் சாத்தே குச்சிக் கட்டு ஒன்று இருந்தது. ஒரு குச்சியின் நுனியை மழுக்கி, கணவரின் பழைய வேட்டித் துணியில் ஒரு கீற்றைக் கிழித்துச் சுற்றி, ஸ்பிரிட்டில் நனைத்து உள்ளே விட்டேன். மஞ்சளாக வந்தது. எறிந்துவிட்டு வேறு குச்சி. அதுவும் மஞ்சள். அவர் துணி சுற்றிச் சுற்றித் தந்தார், நான் துடைத்தேன். கட்டு கரைந்துகொண்டு வந்தது. கடைசியில் ஒரு குச்சி வெள்ளையாகவே வெளியே வந்தது.

சுவிட்சிடம் போன அவர் கையைப் பிடித்துவிட்டேன். ஸ்பிரிட் காய வேண்டும். அது காய்வதற்குள் மின்சாரம் பாய்ந்தால் மிச்சமும் போய்விடும். மேசை விசிறியைப் பெட்டிக்கு நேரே திருப்பி வைத்தேன். வாசலில் தவுக்கேயின் வேன் வந்து நின்றது.

நான் கணவரைப் பார்த்தேன். அவர் வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு முன்னே போனார். வந்தவர்களை உட்கார வைத்து, சுண்டல் கொடுத்து, தண்ணீர் கொடுத்து, டீச்சரின் கணவரிடம் எந்தத் தாமான் குடியிருப்பு, எந்தப் பாதை என்று விசாரித்து, அந்தப் பாதையில் தான் பஸ் ஓட்டிய கதையை ஆரம்பித்தார். வீட்டில் நாலு வார்த்தைக்கு மேல் பேசாத மனுஷன், மலாயில் அன்று பேசிய பேச்சை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. தவுக்கே ஒருமுறை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கணவர் அவருக்கு இன்னும் கொஞ்சம் சுண்டல் வைத்தார்.

பெட்டிக்குள் மூக்கை நீட்டினேன். ஸ்பிரிட் வாடை இல்லை. கார்டைச் செருகினேன், வயரை மாட்டினேன். சாமி பெயர்கூட வாயில் வரவில்லை. ஓடு, ஓடிவிடு என்று மட்டும் சொல்லிக்கொண்டு சுவிட்சை அழுத்தினேன்.

குட்டியாக ஒரே ஒரு பீப். திரையில் வெள்ளை எழுத்துகள் மேலேறின.

"மெஷின் ரெடி, வாங்க" என்றேன்.

நான் வரைந்து வைத்திருந்த டீச்சரம்மாவின் அடுப்படி திரையில் வந்தது. மவுஸை நகர்த்தினேன். திக்கல் இல்லை, திணறல் இல்லை. வாசலில் நுழைந்து, அடுப்பைத் தாண்டி, ஜன்னல் பக்கம் சுற்றி, தண்ணீர்த் தொட்டிவரை போய்த் திரும்பினோம். டீச்சரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கிட்டே வந்தார். மேல் தட்டு எனக்கு எட்டாதே என்றார். அப்போதே இறக்கிக் காட்டினேன். பிரிட்ஜ் கதவு சுவரில் இடிக்குமா என்றார் அவர் கணவர். திறந்து காட்டினேன், இடித்தது, நகர்த்தினேன், இடிக்கவில்லை. இருவரும் சிரித்தார்கள். தவுக்கே காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"நாளைக்கி இன்னொரு வீட்டு அளவு அனுப்புறேன். போலே?"

"போலே."

டீச்சரம்மா விடவில்லை, அந்த ஜன்னல் பக்கத்தை மறுபடி காட்டச் சொன்னார். சுற்றிக்கொண்டிருந்தேன். அப்போது போன் அடித்தது. கணவர் எடுத்தார். நாத்தனார் என்ன கேட்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும்.

"அவ வேலையா இருக்கா" என்றார் அவர். "அப்புறம் கூப்பிடு."

என் கை மவுஸின் மேல் அப்படியே நின்றுவிட்டது. திரையில் அடுப்படியும் பாதிச் சுற்றில் நின்றது.

"ஏன் நின்னுடுச்சு, ரோசாக்கா?" என்று கேட்டார் டீச்சரம்மா.

"இல்ல டீச்சர்" என்றேன். "ஓடுது."